இடது முன்னங்கால்

துப்பறியும் வேலைக்குப் போனால் தொப்பை நனையும் என்று மிர்லானிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பனியில் குப்புறப் படுத்துக் கிடந்தான். பக்கத்தில் அவனுடைய முதலாளி சைகல். நாரின் நகரத்தில் போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். ஒரு காலடித் தடத்தை மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அதுக்குப் பொண்ணு பார்க்கிறியா? இவ்வளவு நேரமா?"

பின்னால் நின்ற அசனாலிதான் பேசினார். அவர் கெச்சூ கிராமத்து மேய்ச்சல் கமிட்டித் தலைவர். இவர்களைத் தேடி நாரினுக்கு வந்து, கையோடு அழைத்து வந்தவரும் அவரே. நேற்று ராத்திரி வந்திருக்கிறது, ஊர்க்காரி ஜிபாருடைய ஆட்டுப் பட்டியை ஒட்டியே நடந்து போயிருக்கிறது, இனி யாராலும் மறுக்க முடியாது என்று குழந்தை மாதிரி பூரித்துப் போய்ச் சொன்னார்.

பூரிக்காமல் என்ன செய்வார், பாவம். கெச்சூவுக்கு மேலே இருக்கும் மலையின் வயிற்றில் தங்கம் இருக்கிறதாம். சுரங்கக்காரர்கள் காகிதமெல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். பனி உருகியதும் வீடு, பட்டி, மேய்ச்சல், இடுகாடு எல்லாவற்றையும் வழித்து வாரிப் போட்டுவிட்டுத் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதைத் தடுக்கிற சக்தி ஊரில் எந்த மனுஷனுக்கும் இல்லை. ஒரு மிருகத்துக்கு இருந்தது. பனிச்சிறுத்தை வாழும் பள்ளத்தாக்கு என்று நிரூபித்துவிட்டால் சட்டப்படி சுரங்கம் கிடையாது. அதற்குச் சாட்சி திரட்டத்தான் அசனாலி இவர்களை அமர்த்தியிருந்தார். இன்று மதியம் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். சிறுத்தையையே கரைத்துக் குடித்த ஒரு நிபுணரும் கூட வருகிறார். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஊர் பிழைக்கும். பக்கவாட்டில் ஆட்டினால் போச்சு.

சைகல் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். வருகிறவர்களுக்கு டீ, ரொட்டி ஏற்பாட்டைக் கவனிக்கும்படி அசனாலியிடம் சொன்னாள். அவர் நம்பிக்கையோடு கிளம்பிப் போனார். அவர் தலை மறைந்ததும் மிர்லான் பக்கம் திரும்பினாள்.

"மிர்லான், இந்தத் தடத்தோடயே கொஞ்ச தூரம் நட. என்ன வித்தியாசம்னு சொல்லு."

நடந்தான். பட்டிச் சுவரை ஒட்டிப் போய், ஓடைப் பக்கம் இறங்கி, பாறைகளுக்கு நடுவில் தடம் மறைந்தது. ஒவ்வொரு தடத்திலும் ஓரத்து விரலில் ஒரு சின்ன வெட்டு. முதல் தடத்திலும் அதே வெட்டு. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

"அக்கா, எல்லாமே ஒரே கால்!"

"இடது முன்னங்கால்."

"மிச்ச மூணு காலை எங்கே வச்சிருக்கு? இல்ல, நம்ம ஊர்ப் பிள்ளைங்க மாதிரி நொண்டியாடிக்கிட்டுப் போகுதா?"

"நகமும் பதிஞ்சிருக்கு, பார்த்தியா? பூனை ஜாதி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கும். இது இழுக்கல."

அவள் இன்னொன்றையும் காட்டினாள். தடங்களுக்கு இடையில் பனி மெலிசான கோடு கோடாகக் கிடந்தது. துடைப்பத்தால் பெருக்கிய கோடு. எல்லா வீட்டிலும் திருஷ்டி கழிக்கப் புகை போடுவதற்கு வைத்திருக்கும் அர்ச்சா மரத்துக் கிளையைத் துடைப்பமாக்கி, யாரோ தங்கள் காலடியைப் பெருக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். பச்சை ஊசியிலைகள் பனியில் உதிர்ந்திருந்தன.

மரத்தில் கால் செதுக்கி ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள், நிபுணர் வந்தால் ஒரு நிமிஷத்தில் மானம் கப்பலேறிவிடும், நாம் இப்போதே வண்டியைக் கிளப்பிக் கம்பி நீட்டிவிடலாம் என்று மிர்லான் ஆலோசனை சொன்னான். சைகல் ஒரு தடத்தின் அடியிலிருந்து நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து அவன் கையுறையில் வைத்தாள். வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு முடி. மரத்துக்கு முடி முளைக்குமா? முளைக்காது.

"சிறுத்தை நிஜம்டா. நடந்ததுதான் பொய். செத்துக் காஞ்ச காலு இது. காஞ்சா தோல் சுருங்கும், நகம் வெளியே வரும்."

மிர்லான் கையிலிருந்த முடியையே பார்த்தான். எத்தனை சாட்சிகள், எத்தனை கதைகள்! மூன்று நாளாக வீடு வீடாகப் போய் டீ குடித்து எழுதிக்கொண்டதெல்லாம் செத்த மிருகத்தைப் பற்றியா?

"யாரு கையில இருக்கும் அந்தக் காலு?"

"உனக்குத் தெரியும். நீதான் அதைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சே."

யோசித்தான். மண்டையில் சட்டென்று உறைத்தது.

சாட்சி சொன்னவர்களில் பலர் வாலை நீளமாக்கினார்கள், சிலர் கண்ணை நெருப்பாக்கினார்கள். ஒருவர் அது தன்னைப் பார்த்துத் தும்மியது என்றார். ஆனால் ஜிபார் ஒருத்திதான், ஓடைக்கு அந்தப் பக்கம் அந்தி வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, பாதத்துக்கு அடியிலும் மெத்து மெத்தென்று முடி என்று சொன்னாள். காலைத் தூக்கிக் காட்டியதா, செருப்புக் கடைக்கு வந்திருந்ததா என்று மிர்லான் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டான். அவ்வளவு தூரத்திலிருந்து உள்ளங்காலைப் பார்க்க யாராலும் முடியாது. கையில் எடுத்துத் தடவியவளுக்குத்தான் தெரியும்.

ஜிபார் புருஷனை இழந்தவள். ஐம்பதை நெருங்குகிறவள். வாயைத் திறந்தால் பள்ளத்தாக்கின் அந்தக் கோடி வரை கேட்கும். இவர்கள் போனபோது எண்ணெய்ச் சட்டியில் போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அதிகாரிகளுக்காம். சூடாக ஒரு கை அள்ளி மேஜைத் துணியில் போட்டு, சாப்பிடச் சொன்னாள். மிர்லான் கூச்சமே இல்லாமல் ஆரம்பித்தான்.

சைகல் தொடவில்லை. அடுப்போரத்தில் சாத்தி வைத்திருந்த அர்ச்சாக் கிளையை எடுத்துப் பார்த்தாள். நுனியெல்லாம் உதிர்ந்து, ஈரமாக இருந்தது.

"ஜிபார் அக்கா, புகை போடறதுக்கு யாரும் கிளையைப் பனியில நனைக்க மாட்டாங்க. அந்தக் காலைக் குடுங்க."

ஜிபார் சட்டியைப் பார்த்தாள். சைகலைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவள், அன்று ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மாவுப் பெட்டிக்குள் கையை விட்டு, கம்பளித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

பிரித்தால், கால். பெரிய கால். கரும்புள்ளி போட்ட சாம்பல் முடி, விரல்களுக்கு நடுவில் மாவு. மிர்லான் வாயில் இருந்த போர்சோக் அப்படியே நின்றுவிட்டது. பனிச்சிறுத்தையை வாழ்நாளில் அவன் பார்த்ததில்லை, அவன் அப்பாவும் பார்த்ததில்லை. இப்படியா பார்க்க வேண்டும்?

"நான் கொல்லல," என்றாள் ஜிபார். "எனக்குப் பங்கா வந்தது."

மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பனி விழுந்த அன்றைக்கு, மேல் கணவாயிலிருந்து ஒருத்தன் குதிரையில் பொதியோடு இறங்கி வந்தான். வேட்டை முடித்து வருகிறவனை வழியில் யார் பார்த்தாலும் 'ஷிரால்கா' என்று கேட்பார்கள், அவன் ஒரு பங்கு கொடுத்தே ஆகவேண்டும். இல்லையென்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவன் துப்பாக்கிக்கு ஒரு முயல்கூட விழாது. அவளும் வரையாடு அடித்து வருகிறான், சூப்புக்கு ஒரு எலும்பு கிடைக்கும் என்று வாய் ருசிக்காகக் கேட்டுத் தொலைத்தாள்.

"அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. போன்னு ஒரு அதட்டு போட்டிருந்தா நான் போயிருப்பேன். ரொம்ப நேரம் குதிரை மேலயே உக்காந்திருந்தான். அப்புறம் எறங்கி, பொதிக்குள்ள கையை விட்டு வெட்டி, இந்தத் துணியில சுத்திக் குடுத்தான். வீட்டுக்குப் போய்ப் பிரிங்க அக்கான்னான். அழுதுக்கிட்டே சொன்னான்."

வந்த பங்கைத் தூக்கி எறியவும் கூடாது. அதனால் மாவுப் பெட்டிக்குள் போட்டு வைத்தாள். அப்புறம்தான் சுரங்கப் பேச்சு வந்தது, சிறுத்தை இருந்தால் ஊர் தப்பிக்கும் என்ற பேச்சு வந்தது.

"செத்ததுதான் செத்துச்சு. காலாவது ஊருக்கு உழைக்கட்டுமேன்னு நெனச்சேன். தப்பா?"

சைகல் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை விளக்கினாள். இந்தப் பொய்த் தடம் நிபுணரிடம் செல்லாது. ஆனால் இந்தக் கால் செல்லும். போன இலையுதிர் காலத்தில் இந்த மலையில் ஒரு சிறுத்தை உயிரோடு திரிந்தது என்று உறுதியானால் போதும், ஜோடி இருக்கலாம், குட்டி இருக்கலாம், ஆராய்ந்து முடிக்கும்வரை சுரங்கத்தை நிறுத்தி வைப்பார்கள். ஆனால் வெறும் கால் போதாது. எந்தச் சந்தையில் வேண்டுமானாலும் வாங்கியது என்று கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். எங்கே சுட்டேன், எப்போது சுட்டேன் என்று சுட்டவன் வந்து சொல்ல வேண்டும், இடத்தைக் காட்ட வேண்டும்.

"அவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள் ஜிபார்.

"ஜெயில். கொஞ்ச நஞ்ச வருஷம் இல்ல."

ஜிபார் எழுந்து மறுபடி சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"எனக்குக் குடுத்தவனை நான் காட்டிக் குடுக்க மாட்டேன். காலை வேணா எடுத்துக்கிட்டுப் போங்க."

வெளியே வந்ததும் மிர்லான் துள்ளினான். கால் கிடைத்துவிட்டது, பேர் மட்டும்தான் பாக்கி, மதியத்துக்குள் ஊரை உலுக்கிக் கண்டுபிடித்துவிடலாம், ஊர் பிழைத்தது, பீஸும் பிழைத்தது என்று அளந்துகொண்டே போனான். சைகல் அவன் பின்னால் தலைகுனிந்தபடி வந்தாள்.

"அக்கா, என்ன மூஞ்சி இது? ஜெயிச்சுட்டோம்கா!"

"இந்த ஊர்ல எல்லாரும் ஆட்டுக்காரங்க. கையும் களவுமா மாட்டிக்கிற நிலைமையில, ஜெயிலுக்கே போற பொருளை ஒருத்தன் எடுத்துக் குடுக்கிறான்னா அவனுக்கு ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கணும். துப்பாக்கி ராசி போயிடுமேங்கிற பயம். அது ஆட்டுக்காரனுக்கு வருமா?"

"வராது. வேட்டையையே நம்பிப் பொழைக்கிறவனுக்குத்தான்..."

அவன் வாய் தானாக நின்றது. கெச்சூவில் வேட்டைக்காரன் என்று ஒருத்தன்தான் உண்டு. பெக்டென். அசனாலியின் தம்பி. அப்பா அம்மா போனபின் அசனாலி தோளில் போட்டு வளர்த்த தம்பி. நேற்றுச் சாப்பாட்டு வேளையில் அசனாலி அவனைப் பற்றிச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார். போன இலையுதிர் காலத்தில் அவருக்குத் தலைநகர் பிஷ்கெக்கில் இருதய ஆபரேஷன். அண்ணன் உயிர் பிழைத்தால் இனி ஒரு உயிரையும் கொல்ல மாட்டேன் என்று தம்பி வேண்டிக்கொண்டு துப்பாக்கியையே விற்றுவிட்டானாம். ஆபரேஷனுக்குத் தன் குதிரைகளை விற்றுப் பணம் கொண்டுவந்தவனும் அவன்தானாம்.

விற்றது குதிரையா, சிறுத்தைத் தோலா? மிர்லான் நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

"அக்கா, வேற யாராவதா இருக்கக்கூடாதா?"

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டே வந்தேன்," என்றாள் சைகல்.

அசனாலி சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. தம்பி ஊர் முகப்புக்குப் போயிருந்தான், அதிகாரிகளின் வண்டியை வழிகாட்டி அழைத்து வர. சைகல் பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பிரித்தாள். எதையும் ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. முதல் பனி என்று அவள் சொன்னபோதே அவர் கை தொப்பியிலிருந்து இறங்கிவிட்டது.

மிர்லான் ஜன்னலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவரைப் பார்க்க முடியவில்லை.

"குதிரையை வித்தேன்னு சொன்னான்," என்றார் அசனாலி. "மேல் மேய்ச்சல்ல விட்டிருந்த குதிரைன்னான். நான் போய்ப் பார்க்கவே இல்ல."

பிறகு நிமிர்ந்தார். முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு. மூட்டையைக் கண்ட சுமைக்காரர் மாதிரி தோளை நிமிர்த்திக்கொண்டு, நான் சுட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், இடம் எனக்கும் தெரியும், சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கின மலை என்றார். நான் ஜெயிலுக்குப் போனால் என்ன, ஊர் மிஞ்சுமே, அவனும் மிஞ்சுவானே என்றார். சொல்லும்போது சிரிக்கக்கூடச் செய்தார். நல்ல யோசனைதானே என்று மிர்லானுக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசானது.

சைகல் முடியாது என்று தலையை ஆட்டினாள். அவளைப் பார்க்கவே மிர்லானுக்கு வெறுப்பாக வந்தது. எதற்கு இந்தப் பாழாய்ப்போன புத்திசாலித்தனம்?

"அண்ணே, முதல் பனி விழுந்த அன்னிக்கு நீங்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்க. டாக்டர் கையெழுத்தே இருக்கு. நீங்க திரும்பி வந்ததுக்கு ஊரே ஆடு அறுத்து விருந்து வச்சிருக்கு. நீங்க சுட்டேன்னு சொன்ன அடுத்த நிமிஷம், யாரைக் காப்பாத்தப் பொய் சொல்றார்னு கேப்பாங்க. உங்களுக்கு இருக்கிறது ஒரே தம்பி."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவனைக் குடுத்தா ஊரு. ஊரைக் குடுத்தா அவன். அப்படித்தானேம்மா?"

"அப்படித்தான்."

"அந்தத் தடத்தை மட்டும் காட்டினா?"

"வர்ற நிபுணர் முட்டாள் இல்ல. அதைப் பார்த்தார்னா நான் வந்த வழியிலேயே வருவார். முடி, ஜிபார், பெக்டென்."

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. இன்னும் வளைவு திரும்பவில்லை. அசனாலி காலைக் கையில் எடுத்தார். விரலால் அந்த முடியை ஒரு தரம் தடவினார். நெருப்பு எரிந்துகொண்டிருந்த அடுப்பின் கதவைத் திறந்தார்.

மிர்லான் பாய்ந்தான். உலகத்தில் கெச்சூவைக் காப்பாற்ற இருந்த ஒரே பொருள் அது. சைகல் அவன் கையைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர். போலீஸ் காலத்திலிருந்து அவளோடு சுற்றுகிறவன், அப்படி அவளை அவன் பார்த்ததே இல்லை.

"விடுடா. கேஸ் அவரோடது."

முடி கருகும் நாற்றம் அறையை நிறைத்தது. அசனாலி கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய், ஜிபாரின் பட்டிப் பக்கம் நடந்தார். செம்மறிகளைத் திறந்துவிட்டு அந்தத் தடங்களின் மேலேயே ஓட்டினார். ஒரு நிமிஷத்தில் அங்கே ஆட்டுக் குளம்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதிகாரிகளின் வண்டிகள் வந்து நின்றபோது ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை. ஜிபார் போர்சோக் தட்டோடு முன்வரிசையில். வழிகாட்டி வந்த பெக்டென் குதிரையிலிருந்து இறங்கிக் கடிவாளத்தோடு ஓரமாக நின்றான். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள பையனாகத்தான் தெரிந்தான். சிறுத்தையைக் கொன்றவன் எப்படி இருப்பான் என்று மிர்லான் மனதில் போட்டு வைத்திருந்த படத்தில் எதுவும் ஒட்டவில்லை.

கண்ணாடி போட்ட நிபுணர் இறங்கி, ஆர்வமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு, நிறையப் பேர் பார்த்ததாகக் கேள்விப்பட்டோம், முதலில் எந்தத் தடத்தைப் பார்க்கலாம் என்று கேட்டார்.

அசனாலி முன்னால் வந்தார்.

"தடம் கிடையாதுங்க. இங்க சிறுத்தையே கிடையாது. சாட்சி சொன்னவங்க எல்லாம் நான் சொல்லச் சொல்லித்தான் சொன்னாங்க. பொய்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூட்டம் இரைந்தது. யாரோ அவர் பேரைச் சொல்லிக் காறித் துப்பினார்கள். சுரங்கக்காரனிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஒரு குரல் கேட்டது. ஆபரேஷனுக்கே அவன்தான் பணம் கொடுத்திருப்பான் என்று இன்னொரு குரல். அவருக்காக ஆடு அறுத்தவர்கள்தான் அவர்களும். ஜிபார் தட்டைக் கீழே வைத்துவிட்டு தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏமாற்றத்தோடு வண்டிக்குத் திரும்பி, பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்துத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.

பெக்டென் மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது என்பது மெல்ல மெல்ல அவன் முகத்தில் ஏறியது. கடிவாளத்தை விட்டான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, அதிகாரிகளின் வண்டியைப் பார்த்து முன்னால் வந்தான். உதடு துடித்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். அண்ணன் சொல்றது..."

அசனாலி திரும்பி, ஊரே பார்க்க, அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். தோளில் போட்டு வளர்த்தவர், அன்றுவரை அவனை ஒரு சொல் அதட்டியதில்லை.

"வாயை மூடு," என்றார். "போய் ஆட்டையெல்லாம் ஓட்டி வா. ஊரைக் காலி பண்ணணும்."